மூலைக் கையெழுத்து அட்டைக்கு வந்த கதை

உருவிய வாள் ஒரு கையில், தோளில் பிணம், காலடியில் மண்டையோடு, சுற்றிலும் சுடுகாட்டு இருட்டு. அம்புலிமாமா படித்து வளர்ந்த யாரிடமாவது விக்கிரமாதித்தன் எப்படி இருப்பான் என்று கேட்டுப் பாருங்கள், இந்த ராஜாவைத்தான் சொல்வார்கள். வேதாளம் சொன்ன கதைகளில் இரண்டைச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்கள். கதையின் முடிச்சு மறந்திருக்கும், வேதாளம் கேட்ட கேள்வி மறந்திருக்கும், ராஜா சொன்ன பதிலும் மறந்திருக்கும். படம் மட்டும் அப்படியே இருக்கும்.

அதை வரைந்தவர் கே.சி. சிவசங்கரன், எல்லோருக்கும் ‘சங்கர்’. 1924இல் தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். கலைமகளில் வரைந்துவிட்டு 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. எம்.டி.வி. ஆச்சார்யா, ‘சித்ரா’, அட்டைப் படங்களுக்குப் பேர்போன ‘வபா’ என்ற வட்டாதி பாப்பய்யா என்று ஓவியர்களின் ஒரு பட்டாளமே அங்கே வேலை பார்த்தது.

அந்தப் பத்திரிகையில் பெரும்பாலான கதைகளுக்கு எழுதியவர் பெயர் இருக்காது. தொடர்கதைகளுக்குக்கூட இல்லை. படத்தின் மூலையில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். குழந்தைகள் அதைத் தேடிப் பார்த்தார்கள். இது சங்கர், இது சித்ரா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடக்கூடிய பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். இவ்வளவு இருந்தும், ஓவியர் கதை சொல்கிறார் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. கதை முதலில் எழுதி முடிக்கப்படும். பக்கத்தில் படத்துக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கப்படும். கதையில் நடந்த ஒன்றை ஓவியர் அந்த இடத்துக்குள் வரைந்து தர வேண்டும். ராஜகுமாரன் குதிரையேறிப் போனான் என்று கதை சொன்னால் படத்திலும் அவன் குதிரையேறிப் போவான். எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொல்லிவிடலாம் என்ற அனுமதி அந்த வேலையிலேயே கிடையாது.

அந்த வரம்புக்குள் அவர்கள் செய்ததைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தொலைக்காட்சி இல்லாத வீடுகளில், சினிமாவுக்கு எப்போதோ ஒருமுறை போகிற பிள்ளைகளுக்கு, ஒரு பழங்காலக் கடைத்தெரு எப்படி இருக்கும், தேர்ச் சக்கரத்தில் எத்தனை ஆரம், முனிவர் ஆசிரமத்தில் கமண்டலம் எங்கே தொங்கும் என்பதையெல்லாம் காட்டியவர்கள் அவர்கள். ஒரே படம் பல மொழிப் பதிப்புகளில் அச்சாகும். ஆந்திரத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் ஒரே விக்கிரமாதித்தனைப் பார்த்தார்கள். சங்கர் கடைசிக் காலத்திலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ராமகிருஷ்ண விஜயத்துக்கு வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் மறைந்தார். பத்மஸ்ரீ அறிவிப்பு அதற்கு நாலு மாதம் கழித்து வந்தது. அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய விருது அது.

அந்த நாளைய படங்களில் எனக்கு உறுத்துவது ஒன்றுண்டு, அதையும் சொல்ல வேண்டும். ராஜா சிவப்பு, ராணி அதைவிடச் சிவப்பு, அரக்கனும் திருடனும் கறுப்பு. ஒரு பத்திரிகையின் குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. காலண்டரிலிருந்து சினிமா வரை அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த கறுப்புப் பிள்ளைகள் நாங்கள். கதைக்குள் நாங்கள் நிற்கிற இடம் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மெல்ல வேறொரு வகைப் புத்தகம் வரத் தொடங்கியது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1957இல் தில்லியில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால் புஸ்தகாலயா வரிசை, என்.சி.பி.எச். கடைகளில் மலிவாகக் கிடைத்த சோவியத் புத்தகங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். புலக் பிஸ்வாஸ், மிக்கி படேல், ஜகதீஷ் ஜோஷி என்று பெயர் சொல்லி நினைக்கத்தக்க ஓவியர்கள் அப்போதே இருந்தார்கள். தமிழ் வீடுகளுக்கு அந்தப் புத்தகங்கள் வந்தன; வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் வந்து சேரவில்லை.

திருப்பம் தொண்ணூறுகளில், அதுவும் சென்னையிலேயே நடந்தது. 1994இல் தாரா புக்ஸ், 1996இல் தூலிகா. அனுஷ்கா ரவிசங்கர் எழுதி புலக் பிஸ்வாஸ் வரைந்த ‘டைகர் ஆன் எ ட்ரீ’யை 1997இல் தாரா வெளியிட்டது. ஒரு புலி ஆட்டுக்குப் பயந்து மரமேறிவிடுகிறது. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குச் சில சொற்கள்தான் இருக்கும். மிச்சம் முழுக்கப் படத்தின் பொறுப்பு. புலியின் பயம், மரத்தைச் சுற்றி நிற்கிற ஆட்களின் குழப்பம், இவனை என்ன செய்வது என்ற யோசனை எல்லாம் கோட்டிலும் உடம்பின் வளைவிலும்தான் இருக்கின்றன. படத்தை எடுத்துவிட்டால் அங்கே கதையே கிடையாது. பிராத்திஸ்லாவாவில் நடக்கும் உலகச் சித்திரப் புத்தகக் கண்காட்சி 1999இல் அதற்குப் பரிசளித்தது. பிஸ்வாஸ் அதற்குள் பல பத்தாண்டுகள் வரைந்து முடித்திருந்தார்.

அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ யானை தமிழ்நாட்டில் பல குழந்தைகளுக்குச் சொந்தக்கார யானை. அதற்குச் சளி பிடிக்கிறது. தும்மல் வரப்போகிறது. தும்மல் வரும், வரும் என்று காக்கவைத்துப் பக்கத்தைத் திருப்பினால் தும்மல். இந்தத் ‘திருப்பினால்’ என்பதுதான் சித்திரப் புத்தகத்தின் உயிர். காத்திருப்பை வலப்பக்கத்தில் வைத்து, வெடிப்பைத் திருப்புகிற பக்கத்துக்குத் தள்ளிவைப்பது ஓவியர் கணக்குப் போட்டுச் செய்கிற காரியம். மேடை நாடகத்தில் திரையை எந்த நொடியில் தூக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் மாதிரி அவர் வேலை செய்கிறார்.

இந்த வேலை நடக்கிற விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் மரியாதை இன்னும் கூடும். முதலில் கட்டை விரல் அளவில் எல்லாப் பக்கங்களையும் ஒரே தாளில் கிறுக்கிப் பார்ப்பார்கள். பிறகு வெறும் தாளை மடித்துத் தைத்து ஒரு டம்மி. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் என்றால், நாயகியின் மூக்கு நடு மடிப்பில் விழுந்துவிடக் கூடாது. நம் நாட்டில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. தூலிகா ஆங்கிலத்தையும் சேர்த்து ஒன்பது மொழிகளில் புத்தகம் போடுகிறது. படத்தின் வண்ணங்கள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்து அச்சாகிற கறுப்பு பிளேட் மட்டும் மாறும். அதனால் படத்தில் வருகிற கடைப் பலகையில் எந்த மொழியும் இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரிக்கு ஓடும்; மலையாளம் அதற்கும் மேலே போகலாம். வானத்தில் எவ்வளவு இடத்தைக் காலியாக விட வேண்டும் என்பதை வரைவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். அப்படி விட்ட இடம் காலியாகத் தெரியவும் கூடாது.

இடத்துக்கு அடுத்தது ஆள். ‘அம்மா சமைத்துக்கொண்டிருந்தாள்’ என்று எழுத்தாளர் ஒரு வரியில் முடித்துவிடலாம். ஓவியர் அப்படித் தப்ப முடியாது. அந்த அம்மா புடைவையா நைட்டியா, அடுப்பு எரிவாயுவா விறகா, சுவரில் எந்தச் சாமி, வீட்டுக்கு எத்தனை ஜன்னல், அம்மாவின் நிறம் என்ன? ஒவ்வொன்றும் வர்க்கத்தையும் ஊரையும் சாதியையும் சொல்லிவிடும். இன்றைய ஓவியர்கள் இதை யோசித்து வரைகிறார்கள். ராஜீவ் ஐப் வரைந்த அம்மாச்சி, கப்பியும் நெம்புகோலும் கொண்டு தேங்காய் பர்பி செய்கிற கேரளத்துப் பாட்டி. பிரியா குரியன் வரைகிற கூட்டங்களில் வழுக்கையும் தொப்பையும் துருத்திய பல்லுமாக நம் தெருவில் பார்க்கிற ஆட்களே நிற்பார்கள். கறுப்புப் பெண் பிள்ளை இப்போது கதையின் நடுவில், எந்த விளக்கமும் இல்லாமல், சாதாரணமாக நிற்கிறாள். கடந்த முப்பது வருடத்தில் நம் குழந்தைகள் புத்தகத்தில் நடந்த எல்லாவற்றிலும் பெரியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வரைகிறவர் யார் என்பதும் மாறியது. மத்தியப் பிரதேசத்துப் படான்கட் கிராமத்தில் பிறந்தவர் பஜ்ஜு ஷியாம். போபாலில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர். மாமா ஜங்கர் சிங் ஷியாமிடம் கோண்டு ஓவியம் கற்றவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் வரைய அழைத்தார்கள், போனார். திரும்பி வந்து அந்த நகரத்தைத் தன் கண்ணால் வரைந்தார். தரைக்கடியில் ஓடுகிற ரயில் அவருக்கு மண்புழு. ஊருக்கே நேரம் சொல்கிற பிக் பென் கடிகாரம், ஒரு சேவலின் கண். கோண்டு மக்களுக்கு நேரம் சொல்வது சேவல்தானே! 2004இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ வந்தது. அதுவரை பழங்குடி மக்களைப் பிறர் வந்து பார்த்து வரைந்து போனார்கள். இந்தப் புத்தகத்தில் பார்வை திசை மாறிவிட்டது. அவரும் துர்கா பாயும் ராம் சிங் உர்வேதியும் சேர்ந்து வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2008இல் போலோன்யா குழந்தைகள் புத்தகச் சந்தையில் பரிசு வாங்கியது. கறுப்புத் தாளில் ஸ்க்ரீன் பிரிண்டிங். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்க்ரீன் கட்டி, கையால் இழுத்து, காயவைத்து, அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். ஒரு புத்தகம் முழுவதையும் அப்படி அச்சிட்ட ஆட்களும் சென்னைக்காரர்கள். அவர்களையும் ஓவியர்களோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்கா பாய்க்கு 2022இலும் பத்மஸ்ரீ வந்தது. இருவரும் கையில் வாங்கினார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெயர் விஷயத்துக்கு வருவோம். இன்று நல்ல பதிப்பகம் எதிலும் ஓவியர் பெயர் அட்டையில், எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில் இருக்கிறது. ப்ரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யார் வேண்டுமானாலும் கதையைத் தமிழாக்கம் செய்யலாம். படைத்தவர் பெயரை நீக்க மட்டும் முடியாது. சில பதிப்பகங்கள் ஓவியருக்கு ஒருமுறைத் தொகையோடு நிற்காமல் ராயல்டியிலும் பங்கு தருகின்றன. இது எங்கும் வழக்கமாகிவிடவில்லை. படத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, மூல ஓவியத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிற இடங்கள் இன்னும் உண்டு.

பதிப்பகம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் நாம் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். தமிழில் வருகிற சிறார் நூல் விமர்சனங்களை எடுத்துப் பாருங்கள். கதைச் சுருக்கம் அரைப் பக்கம், ஆசிரியரைப் பற்றி ஒரு பத்தி, கடைசியில் ‘படங்கள் அழகாக உள்ளன’. எது அழகு, ஏன் அழகு, எந்தப் படம் கதையை நகர்த்துகிறது என்று ஒரு வார்த்தை இருக்காது. நூலகப் பட்டியலில் ஓவியர் பெயரைக் கொண்டு தேடினால் பல இடங்களில் புத்தகம் கிடைக்காது. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வருகிறது. அம்புலிமாமா காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு ஓவியர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வாசகர் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். அந்தப் புத்தகங்களை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது, கதை எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் ஆசிரியர் சொல்லிவிட்டுத் தொடங்கினால் ஆகிற நேரம் சில நொடிதான்.

புத்தகக் கண்காட்சியில் வருடாவருடம் கேட்கிற ஒரு வாக்கியம் உண்டு: “இருபத்து நாலு பக்கத்துக்கு இவ்வளவு விலையா? உள்ளே எழுத்தே இல்லையே!” பக்கத்தை எண்ணி, எழுத்தை எண்ணிப் புத்தகம் வாங்கிப் பழகிய பெற்றோர்கள் அவர்கள், தப்புச் சொல்ல மாட்டேன். அந்த இருபத்து நாலு பக்கத்துக்குப் பின்னால் ஒருவருடைய மாதக்கணக்கான வேலை இருக்கிறது என்று விளக்கினாலும் அவர்களுக்கு அது பெரிதாகப் படுவதில்லை. அதனால் இப்போதெல்லாம் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். “சார், பாப்பா கையில் கொடுத்துட்டு ஒரு பத்து நிமிஷம் பக்கத்து ஸ்டாலைப் பார்த்துட்டு வாங்க. வந்து அவகிட்டயே கதையைக் கேளுங்க. அப்புறம் வாங்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்.” போய்விட்டு வந்து கேட்கிறவர்கள் பெரும்பாலும் வாங்கிப் போகிறார்கள்.