சோற்றுக்கும் மூச்சுக்கும் ஒரே வழி

நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். பெயர், இருக்கும் இடம், நடக்கும் ஆண்டு ஆகியவற்றைக் கேட்கிறார்கள். நாக்கை நீட்டச் சொல்கிறார்கள், சிரிக்கச் சொல்கிறார்கள். அதன்பிறகு 90 மில்லி தண்ணீர் உள்ள கோப்பையைக் கையில் கொடுத்து, நடுவில் நிறுத்தாமல் மடமடவென்று குடிக்கச் சொல்கிறார்கள். பாதியில் நிறுத்தினாலோ, குடிக்கும்போதோ குடித்து முடித்த ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமினாலோ, புரையேறினாலோ அவர் தேறவில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். சோதனை அவ்வளவுதான். இதற்கு இயந்திரமோ ஊசியோ தேவையில்லை.

தண்ணீரைக் குடிக்கவைத்துப் பார்க்கும் இந்த முறை 1992இல் அமெரிக்காவில் பக்கவாத நோயாளிகளுக்காக உருவானது. ஸ்டீவன் லீடர், டெப்ரா சூட்டர் என்ற இருவர் பின்னர் அதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று பல நாடுகளில் பலவகை நோயாளிகளிடம் பயன்படுகிறது. நுரையீரல் நோயாளிகளுக்கும் இதுபோன்ற சோதனை தேவை என்ற பேச்சு மருத்துவ உலகில் வலுத்து வருகிறது. இளைப்புக்கும் விழுங்குவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், பதில் தொண்டையில் இருக்கிறது.

தொண்டை ஒரு ரயில்வே கேட். காற்றும் சோறும் அதே இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒன்று போகும்போது மற்றொன்று நிற்க வேண்டும். ஒரு வாய் ரசம் சாதத்தை விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு விநாடிக்கு மூச்சு நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறந்து உணவை வாங்கிக்கொள்கிறது. ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் மூச்சை வெளிவிடும் நேரத்தில்தான் விழுங்குகிறார்கள். விழுங்கி முடித்ததும் மீதி மூச்சையும் வெளியேதான் விடுகிறார்கள். தொண்டையில் ஒட்டியிருக்கும் பருக்கையோ துளியோ உள்ளே போகாமல் அந்தக் காற்று மேலே தள்ளிவிடுகிறது.

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டுமல்ல, காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும் நோய் இது. நிமிடத்துக்கு இருபத்தைந்து முறை மூச்சு வாங்குகிறவருக்கு, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு விநாடி மூச்சை நிறுத்துவதே பெரும் பாடு. விழுங்கிய கையோடு காற்றை உள்ளே இழுத்துவிடுகிறார். தொண்டையில் தங்கியதும் கூடவே போகிறது. ராக்ஸன் கிராஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, சிஓபிடி நோயாளிகளிடம் இப்படி மூச்சை உள்ளிழுப்பதை ஒட்டி விழுங்குவது மற்றவர்களைவிட அதிகம் என்று காட்டியது. இந்த நோயாளிகளுக்குக் குரல்வளைப் பகுதியின் உணர்வே மங்கியிருப்பதை நிக்கோலா கிளேட்டன் குழுவினரின் ஆஸ்திரேலிய ஆய்வு 2014இல் எடுத்துக்காட்டியது. உள்ளே ஏதாவது போனால் இருமவைக்கும் காவலே தூங்குகிறது என்று பொருள்.

சிக்கல் இங்கேதான் பின்னிக்கொள்கிறது. நம் வீடுகளில் யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுப்போம். எப்போதாவது என்றால் சரி. இளைப்பு நோய் உள்ள தாத்தா தினமும் சாப்பாட்டு நேரத்தில் இருமினாலோ, "அவருக்கு எப்பவும் இருக்கிற சளிதானே" என்று விட்டுவிடுகிறோம். மருத்துவரும் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறார். நோய் திடீரென்று முற்றி, காய்ச்சலும் சளியுமாக மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே வார்டு. நுரையீரலுக்குள் கவளம் கவளமாகக் கசிந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. விழுங்கும் அனிச்சைச் செயல் பழுதான சிஓபிடி நோயாளிகளுக்கு நோய் அடிக்கடி முற்றுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு ஒரு எளிய வழி 2008இல் வந்தது. பீட்டர் பெலாஃப்ஸ்கியும் சக மருத்துவர்களும் உருவாக்கிய 'ஈட்-10' என்ற வினாத்தாளில் பத்தே கேள்விகள். எடை குறைந்திருக்கிறதா, மாத்திரை விழுங்கச் சிரமமா, சாப்பிடும்போது இருமல் வருகிறதா, விழுங்குவதே மனச்சுமையாக இருக்கிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை நோயாளியே மதிப்பெண் போடுகிறார். மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். ஜப்பானில் பழக்கத்தில் உள்ள மற்றொரு சோதனைக்குத் தண்ணீர்கூட வேண்டாம். தொண்டையின் மேல் வெளியே விரலை வைத்துக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை எச்சில் விழுங்குகிறார் என்று எண்ணுகிறார்கள். மூன்றுக்குக் குறைந்தால் சந்தேகம்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. லீடரும் சூட்டரும் 3,000 நோயாளிகளிடம் தண்ணீர்ச் சோதனை நடத்தி, எண்டோஸ்கோப்பி முடிவோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். நுரையீரலுக்குள் கசிவு இருந்தவர்களில் 96.5 சதவீதம் பேரைச் சோதனை பிடித்துவிட்டது. ஆனால் கசிவே இல்லாதவர்களிலும் பாதிப் பேர் தேறவில்லை. மூச்சிரைப்பு உள்ளவர் காற்று வாங்குவதற்காகவே பாதியில் கோப்பையை இறக்கிவிடலாம். ஆக, இது வடிகட்டும் சோதனை. நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல. தேறாதவருக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்க்க வேண்டும். இந்த முறையை சூசன் லாங்மோர் குழுவினர் 1988இல் விவரித்தார்கள். இல்லையென்றால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவுசெய்ய வேண்டும். இருமலே வராமல் உள்ளே போகும் மௌனக் கசிவை இவை கண்ணெதிரே காட்டிவிடும்.

கசிவு உள்ள எல்லோருக்கும் நிமோனியா வருவதில்லை என்பதும் லாங்மோர் ஆராய்ந்த விஷயம்தான். 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில், விழுங்கல் கோளாறு மட்டும் நிமோனியாவைக் கொண்டுவந்துவிடவில்லை. ஊட்டிவிட இன்னொருவரைச் சார்ந்திருப்பது, சொத்தைப் பல், வாய்ச் சுத்தத்துக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது, புகைப்பழக்கம் ஆகியவை முன்னால் நின்றன. கசியும் எச்சிலில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. ஜப்பானின் முதியோர் இல்லங்களில் யோனெயாமா குழுவினர் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வில், சாப்பாட்டுக்குப் பின் செவிலியர் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தவறினால் வாயில் பூஞ்சை படரும். இளைப்புக்குக் கொடுக்கும் சில இன்ஹேலர்கள் வாயை உலரவைத்து, விழுங்குவதையும் கடினமாக்குகின்றன.

வீட்டில் பார்க்கவேண்டிய அறிகுறிகள் வெளிப்படையானவை. சாப்பிட்டதும் குரல் நீர் கோத்ததுபோல் கொரகொரவென்று கேட்பது, இருபது நிமிடத்தில் முடியும் சாப்பாடு ஒரு மணி நேரம் இழுப்பது, இட்லியை ஒதுக்கிவிட்டுக் கஞ்சி மட்டும் கேட்பது, காரணமின்றி எடை குறைவது, ஒரே ஆண்டில் திரும்பத் திரும்ப நிமோனியா வருவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நுரையீரல் மருத்துவரிடம் விழுங்கும் சிரமத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சுக் கோளாறுகளைக் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் விழுங்கல் கோளாறையும் கவனிக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சாப்பாட்டுக்கு முன் சற்று ஓய்வு, நிமிர்ந்து உட்காருவது, சின்னக் கவளம், ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்தது, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது ஆகியவற்றை இன்றே தொடங்கலாம். தண்ணீரில் மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிக் கொடுப்பதை மட்டும் சொந்த முடிவாகச் செய்யக்கூடாது. கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் முதியவர்கள் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும், உடலில் நீர் வற்றிப்போவதும் உண்டு. யாருக்கு எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதைப் பரிசோதனைக்குப் பிறகு தெரபிஸ்ட்தான் தீர்மானிக்க வேண்டும்.