ஸ்விட்சிடம் கேட்பது: அன்றும் இன்றும்

இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே எத்தனை கேபிள்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன, அவற்றில் எவை வேலை செய்கின்றன? நெட்வொர்க் பார்ப்பவர்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது.

பல கேபிள்களை ஒரே இணைப்பாக நடத்தும் இந்த ஏற்பாட்டுக்கு லிங்க் அக்ரிகேஷன் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் இதை ஈதர்சேனல் என்று கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். நம் வீட்டுப் பெயர்போல இருக்கிறதே என்று தோன்றினால் அதற்குக் காரணம் உண்டு: அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளியினர். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. 2000இல் 802.3ஏடி என்ற பொதுத் தரம் வந்தபின் வெவ்வேறு கம்பெனி ஸ்விட்சுகளையும் சேர்த்துக் கட்ட முடிந்தது. 2008இல் அந்தத் தரம் 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணுக்கு மாறியது.

அன்று விவரம் வேண்டுமென்றால் ஸ்விட்சின் அருகிலேயே போய் நிற்க வேண்டும். வெளிர்நீலக் கன்சோல் கேபிள், சீரியல் போர்ட் உள்ள மடிக்கணினி, ஹைப்பர் டெர்மினல், வேகம் 9600. பிறகு டெல்நெட்டும் எஸ்எஸ்ஹெச்சும் பரவின. இருக்கையை விட்டு எழாமலே புட்டி (PuTTY) என்ற மென்பொருளைத் திறந்து உள்ளே போனோம். ஆனாலும் ஒவ்வொரு ஸ்விட்சாகத்தான் போக வேண்டும். ‘ஷோ ஈதர்சேனல் சம்மரி’ என்று அடித்தால் ஒவ்வொரு போர்ட்டின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து வரும். பெரிய ‘பி’ என்றால் கட்டில் சேர்ந்து ஓடுகிறது, பெரிய ‘ஐ’ என்றால் தனியாக நிற்கிறது, பெரிய ‘டி’ என்றால் இணைப்பு விழுந்துவிட்டது, சிறிய ‘எஸ்’ என்றால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்தான் அலுவலகத்தில் நெட்வொர்க் ஆள்.

இன்று அந்த எழுத்துகள் தெரிய வேண்டியதில்லை. 2012இல் சிஸ்கோ வாங்கிய மெராக்கி வகை ஸ்விட்சுகளின் அமைப்பு முழுவதும் கிளவுடில் இருக்கிறது. ஏபிஐ வழியாக அதைக் கேட்டு வாங்கலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறைக்குப் பிறகு, அந்த ஏபிஐயை ஒரு கருவியாக ஏஐ ஏஜென்ட்டின் கையில் கொடுப்பது எளிதாகிவிட்டது. “எல்லாக் கிளைகளிலும் அக்ரிகேஷன் எங்கெங்கே இருக்கு, எந்தெந்த போர்ட்?” என்று பேச்சுத்தமிழில் கேட்டாலும் ஏஜென்ட் கருவியை அழைக்கிறது, ஸ்விட்சின் சீரியல் எண்ணையும் போர்ட் எண்ணையும் வாங்கி அட்டவணையாகத் தருகிறது. அன்று நாற்பது கிளைகளுக்கு எக்செல் ஷீட் நிரப்புவது ஒரு வாரத்து வேலை. அது போனதில் யாருக்கும் வருத்தமில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவரும் கேட்கலாம், பதில் கிடைக்கும்.

ஆனால் அந்தப் பதில் எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். மெராக்கியில் லிங்க் அக்ரிகேஷன் பட்டியல் என்பது எந்த போர்ட்டுகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம் என்பதன் பட்டியல். யாரோ ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அந்த போர்ட் பட்டியலில் அப்படியே இருக்கும். உயிரோடு இருக்கிறதா என்பதற்கு போர்ட் நிலையைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய கட்டளை இரண்டையும் ஒரே வரியில் காட்டியது.

கட்டியதெல்லாம் சமமாகச் சுமக்கும் என்பதும் இல்லை. ஒரு ஜிபிபிஎஸ் கேபிள்கள் இரண்டைக் கட்டினால் ஒரே கோப்பை நகலெடுக்க இரண்டு ஜிபிபிஎஸ் கிடைக்காது. நான்கு வழிச்சாலை போட்டாலும் ஒரு லாரி ஒரு தடத்தில்தான் ஓடும். முகவரிகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு தரவுப் போக்கையும் ஏதோ ஒரு கேபிளில் ஸ்விட்ச் தள்ளுகிறது. அனுப்புபவரின் மேக் முகவரியை மட்டும் பார்க்கும்படி அமைத்திருந்தால், ஒரே ரவுட்டரிலிருந்து வருவதெல்லாம் ஒரே கேபிளில் நெரியும், பக்கத்துக் கேபிள் சும்மா கிடக்கும். கன்சோலில் உட்கார்ந்தவர் இன்டர்ஃபேஸ் எண்ணிக்கைகளைப் பக்கம் பக்கமாகத் தள்ளும்போது, தேடாமலே இது கண்ணில் பட்டது. ஏறிக்கொண்டிருக்கும் பிழைகளும் பட்டன. ஏஜென்ட் கேட்டதற்குப் பதில் சொல்கிறது. கேட்கத் தெரியாததைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நேரம் மிச்சமானதற்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

அதற்காகப் பழையதற்குத் திரும்பச் சொல்லவில்லை. ஏஜென்ட்டிடம் அட்டவணையோடு மூலப் பதிலையும் காட்டச் சொல்லுங்கள். போர்ட் நிலையையும் சேர்த்துக் கேளுங்கள். மெராக்கி ஏபிஐ சாவிக்கு அதை உருவாக்கிய நிர்வாகியின் அதிகாரம் அத்தனையும் உண்டு. ஆகவே, படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கிலிருந்து எடுத்த சாவியையே ஏஜென்ட்டுக்குக் கொடுங்கள்.