குரலுக்கும் ஓர் உயில்

2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலிலும் ஒரு பாட்டு. இருவருமே அப்போது உயிரோடு இல்லை! செயற்கை நுண்ணறிவு உபயம். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்ததாகச் சொன்னார் ஏ.ஆர். ரஹ்மான். சபாஷ்!

எல்லோரும் அப்படியா? 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அப்பா குரலைக் கேட்காமலே பயன்படுத்திவிட்டார்கள் என்று எஸ்.பி.பி.யின் மகன் சரண் அதே ஆண்டு வக்கீல் நோட்டீஸ் விட்டார்.

சரி, குடும்பம் தலையாட்டினால் போதுமா? "இந்த வரி பிடிக்கலை சார், பாடமாட்டேன்" என்று சொல்லும் உரிமை பாடகருக்கு இருந்ததே, அது யாருக்குப் போகும்?

பாடகர்களே, இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்: வீடு மகளுக்கு, கார் மகனுக்கு, குரல் என்னோடு!