எழுத்துக்கு எது தலை, எது கால்?

வாசகர் ஒருவர் ஊர்த் திருவிழா வீடியோவுக்கு பிளெண்டர் மென்பொருளில் தலைப்பு செய்துகொண்டிருக்கிறார். முப்பரிமாணத்தில் வளைந்து ஏறும் ஒரு கோட்டின்மேல் எழுத்துகளை ஓடவிட்டால், பாதி தூரம் ஒழுங்காகப் போய் நடுவழியில் சடாரென்று கவிழ்ந்துவிடுகின்றனவாம். ‘கோளாறு என்னிடமா, மென்பொருளிடமா?’ என்று கேட்டு ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. இது நான் வெகுநாளாக எழுத நினைத்த விஷயம்.

கோடு வரைவது, எழுத்துக்குத் தடிமன் கொடுப்பது எல்லாம் அவருக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டை பெசியர் வளைவு என்கிறோம். பிரான்சில் ரெனோ கார் கம்பெனியில் உடற்பகுதி வடிவமைக்க 1960-களில் அதைப் பயன்படுத்திய பியர் பெசியரின் பெயர். போட்டிக் கம்பெனியான சித்ரோயனில் பால் டி கஸ்தல்ஜோ 1959-லேயே அதே கணக்கைப் போட்டுவிட்டார். கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் மற்றவருக்குப் போனது. எழுத்துருவில் உள்ள ‘அ’வின் சுழியும் இதே குடும்பத்து வளைவுதான். ஆக, வளைவின்மேல் வளைவை ஏற்றுகிறோம்.

சரி, ஏன் கவிழ்கிறது? கோட்டின் எந்தப் புள்ளியில் நின்று கேட்டாலும் அது ஒரே ஒரு திசையைத்தான் சொல்லும்: ‘முன்னால் இப்படி’. மேல் எது, பக்கம் எது என்று அதற்குத் தெரியாது. எழுத்துக்கோ தலையும் காலும் உண்டு. அந்த ‘மேல்’ திசையை யாராவது முடிவுசெய்தாக வேண்டும்.

ஃபிரெனே என்ற பிரெஞ்சுக் கணிதர் 1847-இல் ஒரு வழி சொன்னார். கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை நிர்ணயி என்றார். அழகான யோசனை. ஆனால் கோடு நேராக ஓடும் இடத்தில் வளைவே இல்லை, பதிலும் இல்லை. இடப்புறம் வளைந்தது வலப்புறம் மாறும் புள்ளியில் பதில் நேர் எதிராகத் திரும்பிவிடும். அந்த இடத்தில் எழுத்து குட்டிக்கரணம் போடும்.

1975-இல் அமெரிக்கக் கணிதர் ரிச்சர்ட் பிஷப் வேறு வழியைக் கட்டுரையாக எழுதினார். வளைவைக் கேட்காதே, தொடக்கத்தில் ஒரு ‘மேல்’ திசையை வைத்துக்கொள், கோடு எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவு மட்டும் திரும்பு, அதற்குமேல் துளியும் முறுக்காதே. என் அத்தை புல்லுக்கட்டைத் தலையில் வைத்து வரப்பில் வருவதை நினைத்துக்கொள்வேன். வரப்பு திரும்பினால் கட்டும் அவரோடு திரும்பும், தானாகச் சுழலாது.

பிளெண்டரில் கோட்டின் முறுக்குக்கு மூன்று தேர்வுகள் உண்டு: இசட்-அப், மினிமம், டேன்ஜென்ட். வாசகர் இசட்-அப்பில் வைத்திருக்கிறார். வானத்தை எப்போதும் மேலாகக் கொள்ளும் முறை அது. தரையோடு ஓடும் கோட்டுக்கு அருமை. ஆனால் அவருடைய கோடு ஓரிடத்தில் செங்குத்தாக ஏறிப் பின்பக்கம் சாய்கிறது. அந்தக் கணத்தில் ‘முன்’னும் ‘மேலு’ம் ஒரே திசை, கணக்கு தடுமாறி எழுத்தைப் புரட்டிவிடுகிறது. மினிமம் என்று மாற்றினால் அடங்கிவிடும். அது ஏறக்குறைய பிஷப் வழி. முப்பரிமாணத்தில் வளையமாக மூடிய கோட்டில் மட்டும் சிக்கல் வரலாம்: சுற்றி வந்தால் தொடக்கமும் முடிவும் சில பாகை பொருந்தாமல் நிற்கும், அந்த மிச்சத்தை வழிநெடுகப் பங்கிட வேண்டும். சினிமா 4டி-யில் ‘ரெயில்’ என்று துணைக்கோடு ஒன்று வரைந்து, ‘மேல்’ இந்தப் பக்கம் என்று நாமே காட்டிவிடலாம். எனக்குப் பிடித்தது அதுதான். ஊகத்துக்கு வேலை இல்லை.

வாசகர் கேட்காத இன்னொன்றும் அவர் படத்தில் கண்ணில் பட்டது. ‘கோயில்’ என்பதில் கொம்பு ஒரு பக்கம் சாய்கிறது, ‘க’ ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். நமக்கு ‘கோ’ ஓர் எழுத்து. நினைவகத்தில் அது இரண்டு குறியீடு, திரையில் மூன்று துண்டு. துண்டு துண்டாகக் கோட்டில் நிறுத்தும் மென்பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சாய்க்கிறது. புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும். சில மென்பொருளில் இதற்கு முன்பே தகராறு: கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

யூனிகோடில் தமிழ் 1991-லேயே ஏறிவிட்டது. எழுத்துத் துண்டுகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரலகம் ஆண்ட்ராய்டிலும் ஃபயர்பாக்ஸிலும் இலவசமாக ஓடுகிறது. அப்படியிருந்தும் நம் வீடியோ அறைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் கைகொடுக்கின்றன. அதற்கும் பொறுமையில்லாதவர்கள் தலைப்பை ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள். வாங்கும் மென்பொருளுக்குக் காசு கொடுப்பவர்கள் ‘எங்கள் எழுத்து உடைகிறது’ என்று ஒரு புகாராவது எழுதியிருக்க வேண்டாமா? பிளெண்டர் போன்ற திறமூல மென்பொருளில் குறையைச் சொல்லவும் சரிசெய்யவும் கதவு திறந்தே இருக்கிறது.

புகார் எழுதும்வரை ஒரு வழி. தலைப்பை இங்க்ஸ்கேப்பில் அடித்து, வெறும் வடிவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாக பிளெண்டருக்குக் கொண்டுவந்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே பொருளாக இணைத்துவிடுங்கள். பிறகு எழுத்துகளைக் கோட்டில் நிறுத்தாமல் ‘கர்வ் மாடிஃபயர்’ கொண்டு மொத்தத் தலைப்பையும் வளையுங்கள். அப்போது கொம்பும் ‘க’வும் காலும் ஒரே வளைவில் சேர்ந்து வளையும், பிரியாது. புள்ளிகள் இருக்கும் இடத்தில்தான் வடிவம் வளையும் என்பதால், முதலில் ‘ரீமெஷ்’ செய்து புள்ளிகளைப் பெருக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீளமான கோடுகள் விறைத்து நிற்கும். எழுத்தின் தலைப்பக்கமாக வளையும் இடங்களில் வளைவின் ஆரம் எழுத்தின் உயரத்தைவிடத் தாராளமாக இருக்கட்டும். குறைந்தால் ‘ஞீ’யின் சுழி பக்கத்து எழுத்துக்குள் புகுந்துவிடும்.