தூக்கமும் இளமையும் டப்பாவில் வருமா?

தூக்கம் வரவில்லையா, மெலட்டோனின். செல்கள் புத்துணர்வு பெற வேண்டுமா, என்.எம்.என். இந்தத் துணை உணவுகள் இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள், டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் 25 மெலட்டோனின் கம்மி மிட்டாய்களைச் சோதித்த ஆய்வு 2023-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 22-இல் லேபிள் அளவு தவறு. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. மற்றவற்றில் சொன்ன அளவில் 74 முதல் 347 சதவீதம் வரை இருந்தது. அதாவது, 3 மில்லிகிராம் என்று நம்பி விழுங்குபவரின் உடலில் 10 மில்லிகிராம் இறங்கக்கூடும்.

'உணவுதானே, கெடுதல் என்ன?' என்பார்கள். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவருக்கு மெலட்டோனின் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். 'எனக்குக் கேட்டது' என்பவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. விமானப் பயணத்தால் தூக்க நேரம் குழம்பினால் மெலட்டோனின் உதவவே செய்கிறது. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு அது வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017-இல் பரிந்துரைத்தது. குறட்டையோடு மூச்சுத் தடைபடுவதோ மனச்சோர்வோ காரணமாக இருந்தால், மிட்டாயை நம்பிய மாதங்களில் நோய் முற்றுகிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான். என்.எம்.என்னுக்கு ஆதாரம் இன்னும் மெலிவு. 2021-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 25 பெண்கள் பங்கேற்றனர். பத்து வாரத்தில் தசைகள் இன்சுலினுக்கு மேலும் நன்றாக வினைபுரிந்தன. நல்ல செய்திதான். ஆனால் ஆயுள் கூடும் என்பதற்கு அது சான்றாகாது.

நம் சட்டப்படி இத்தகைய துணை உணவுகள் மருந்தல்ல, உணவுதான். எனவே 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ தரும் 14 இலக்க உரிம எண்ணும் டப்பாவில் இருந்தாக வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய முடியாது. தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏமாந்தால் பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு பலர் கண்ணில் படாதது: வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம், பொருள் தரமற்றது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சோதிக்கப்போகும் எண்ணத்தை மட்டும் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.