அடிக்கிற கை அணைத்தால்...

டி.வி.யில் குத்துச்சண்டை ஓடிக்கொண்டிருக்கும். நாலு குத்து விழுந்ததும் இரண்டு வீரர்களும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். "சண்டை போடச் சொன்னால் இதென்ன, பிரிந்தவர் கூடினாற்போல?" என்று வீட்டில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

இதற்குக் 'கிளிஞ்ச்' என்று பெயர். 1867ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளில் இரண்டாவது விதியே, மல்யுத்தமும் கட்டிப்பிடித்தலும் கூடாது என்பதுதான். அதற்கு முந்தைய வெறுங்கைச் சண்டைகளில் எதிராளியைப் பிடித்துத் தூக்கிப் போடவும் அனுமதி இருந்தது. ஆக, தடை வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பழக்கம் போகவில்லை.

பலத்த அடி வாங்கியவன் எதிராளியின் கைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டால், நடுவர் 'பிரேக்' சொல்லிப் பிரிப்பதற்குள் சில விநாடிகள் கிடைக்கும். தலைசுற்றல் தெளிய அது போதும். இதைப் பெரிய குற்றமாக ரசிகர்கள்கூட நினைப்பதில்லை. இன்னொரு வகை இருக்கிறது. உயரமானவர் குள்ளமானவரின் பிடரியில் கையைப் போட்டுக் கீழே இழுத்து, தன் உடம்பின் பாரத்தையெல்லாம் அவர் கழுத்தில் இறக்கிவிடுவார். நூறு கிலோவைச் சுமந்தபடி பத்து ரவுண்டு ஆடினால் எந்தக் காலும் தளரத்தானே செய்யும்!

இதில் கைதேர்ந்தவர் யார் தெரியுமோ? நம்மில் பலர் தலையில் வைத்துக் கொண்டாடிய முகம்மது அலியேதான். (1980ல் அவர் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் கண்ட பெரியவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) 1971ல் அலியை முதன்முதலாகத் தோற்கடித்தவர் ஜோ ஃப்ரேஸியர். அலியைவிட உயரத்தில் சில அங்குலம் குறைவு. எதிராளியின் நெஞ்சருகே நுழைந்து இடது கையால் 'ஹூக்' வீசுவதுதான் அவர் பலம். 1974 ஜனவரி 28ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த இரண்டாவது சண்டையில், ஃப்ரேஸியர் உள்ளே நுழைந்த போதெல்லாம் அலி பிடரியைப் பிடித்து அமுக்கிவிட்டார். நடுவர் டோனி பெரெஸ் பிரித்துவிட்டாரே தவிர, புள்ளி எதையும் குறைக்கவில்லை. 12 ரவுண்டு முடிவில் வெற்றி அலிக்கு.

ஃப்ரேஸியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் இதை மறக்கவில்லை. 1975 அக்டோபர் 1ஆம் தேதி மணிலாவில் மூன்றாவது சண்டை. அதற்கு முன்பே, கட்டிப்பிடித்தலைக் கண்டும் காணாமல் விடுகிற நடுவர் வேண்டாம் என்று அவர் அதிகாரிகளிடம் மன்றாடினார். பிலிப்பைன்ஸ் நாட்டவரான கார்லோஸ் படில்லா நடுவரானார். ஆளோ சிறியவர். ஆனால் அலியின் கை ஃப்ரேஸியரின் பிடரிக்குப் போனவுடன் அதைத் தட்டிவிட்டார். மீண்டும் போனது, மீண்டும் தட்டினார்.

விளைவு என்ன? ஃப்ரேஸியருக்குத் தன் ஆட்டத்தை ஆட வழி கிடைத்தது. நடு ரவுண்டுகளில் அலியைக் கயிற்றோடு சாய்த்து விலாவில் மாறி மாறிக் குத்தினார். அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கும் வசதி அலிக்கு இல்லை. மணிலாவின் வெயிலும் புழுக்கமும் வேறு. கடைசி ரவுண்டுகளில் அலி திருப்பியடித்ததில் ஃப்ரேஸியரின் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. இடது கண்ணிலோ அவருக்கு முன்பிருந்தே பார்வைக் குறை. 14ஆவது ரவுண்டு முடிந்ததும், ஃப்ரேஸியர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அதே எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். கட்டிப்பிடிக்க விடாதே என்று போராடி வாங்கியவர் அவர்தான். அதற்கு விலை என்னவென்று மூலையில் நின்று பார்த்தவரும் அவர்தான்.

அதனால் கட்டிப்பிடித்தலை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தற்காப்புக்கு ஒரு மூச்சு இருக்கட்டும். முழுச் சண்டையையும் அதை வைத்தே ஓட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2013 அக்டோபர் 5ஆம் தேதி மாஸ்கோவில் விளாடிமிர் கிளிச்கோ, அலெக்ஸாண்டர் பொவெட்கினை எதிர்த்து ஆடியது அப்படித்தான். ஒரு குத்து, உடனே ஓர் அணைப்பு, கழுத்தின் மேல் ஒரு சாய்வு. இப்படியே 12 ரவுண்டு.

நடுவர்கள் ஏன் தண்டிப்பதில்லை? ஒரு ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஆக, ஒரு புள்ளியைக் குறைத்தால் வென்ற ரவுண்டின் லாபமே போய்விடும். பட்டம் கைமாறக்கூடிய சண்டையில் அந்தப் பழியை ஏற்க யாருக்கும் துணிவு வருவதில்லை. மாஸ்கோவில் நடுவர் லூயிஸ் பபோன் எச்சரித்து எச்சரித்து, 11ஆவது ரவுண்டில்தான் ஒரே ஒரு புள்ளியைக் குறைத்தார். மூன்று தீர்ப்பாளர்களும் எழுதியது ஒரே கணக்கு: கிளிச்கோ 119, பொவெட்கின் 104.