கப்பலுக்குள் தூங்கிய விளையாட்டுகள்!

குட்டீஸ்! ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடை காட்டி, கையில் ஒரு அட்டையும் தரும் இயந்திரத்தைப் பற்றி அப்பா, அம்மா சொல்லியிருப்பார்கள். அதேபோல, காசு போட்டால் வீடியோ கேம் ஆடவிடும் இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்கு 'ஆர்கேட் கேம்' என்று பெயர். பீரோ போல உயரமான ஒரு பெட்டி, அதில் ஒரு திரை, முன்னால் கைப்பிடியும் பட்டன்களும் இருக்கும்.

1972-ல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற விளையாட்டைச் செய்து, கலிஃபோர்னியாவில் ஒரு விடுதியில் வைத்தது. கொஞ்ச நாளிலேயே பெட்டி மக்கர் செய்தது. திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்தது!

பிறகு வீட்டிலேயே வீடியோ கேம் ஆடும் வசதி வந்துவிட்டது. காசுப் பெட்டிகளைத் தேடுவார் இல்லை. பல பெட்டிகள் குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

கரையில் நின்ற கப்பல்

அப்படித் தேடியவர்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. எங்கே தெரியுமா? ஒரு பழைய கப்பலில்!

'டியூக் ஆஃப் லங்காஸ்டர்' என்ற அந்தப் பயணிகள் கப்பல் 1956-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டப்பட்டது. டைட்டானிக் கப்பலைக் கட்டிய அதே நிறுவனம்தான் இதையும் கட்டியது. 1979-ல் இதை வேல்ஸ் நாட்டின் வடக்குக் கரையில் நிறுத்தி, பொழுதுபோக்குக் கப்பலாக மாற்றினார்கள். உள்ளே வரிசையாக ஆர்கேட் பெட்டிகள்! ஆனால், சில ஆண்டுகளிலேயே கதவை மூட வேண்டியதாயிற்று. பெட்டிகள் உள்ளேயே தங்கிவிட்டன.

ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பிறகு, சேகரிப்பாளர்கள் அனுமதி வாங்கி உள்ளே போனார்கள். 100 கிலோவைத் தாண்டும் பெட்டிகளைக் கப்பலிலிருந்து கீழே இறக்குவது என்ன லேசான வேலையா? ஆனாலும் 50-க்கும் மேற்பட்ட பெட்டிகளை மீட்டுவிட்டார்கள்!

மறந்துபோகும் சிப்

'பழைய பெட்டிக்கா இவ்வளவு பாடு?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பெட்டி உடைந்தால் தச்சர் சரிசெய்வார். ஆனால், விளையாட்டே உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சிப்களில்தான் இருக்கிறது. அக்காலத்து சிப் பலவற்றின் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிர் பட்டால், பதிந்திருப்பது அழிந்துவிடும். அதனால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

ஸ்டிக்கர் ஒட்டினாலும், சிப்பில் தேங்கிய மின்னூட்டம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அப்போது சிப் தன் விளையாட்டையே மறந்துவிடும்! அதற்குள் அதில் உள்ளதைப் படித்து நகல் எடுத்துவிட வேண்டும். அந்த நகலைச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே இயக்கிப் பார்க்க, இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா 1997-ல் 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார்.

பிழைத்தது 'அக்கா'

1982-ல் அட்டாரி தயாரித்த ஒரு விளையாட்டின் பெயர் 'அக்கா ஆர்'. நம்ம வீட்டு அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை! சோதனைக்கு வைத்தபோது அது யாரையும் பெரிதாகக் கவரவில்லை. அதனால் விற்பனைக்கே வரவில்லை. மூன்றே மூன்று பெட்டிகள்தான் மிஞ்சியதாகத் தெரிகிறது. அந்த மூன்றின் சிப்களும் மறந்திருந்தால், விளையாட்டே போயிருக்கும். நல்லவேளை, 2019-ல் அதன் நகல் வெளியே வந்தது. 2022-ல் அட்டாரியே தன் 50-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதைச் சேர்த்தது. 40 ஆண்டுகளுக்கு முன் பெட்டியில் அடைந்து கிடந்ததை இப்போது யாரும் ஆடலாம்!

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ சித்தப்பாவோ ஆடிய பழைய டிவி கேம் இருக்கிறதா? காயலான் கடைக்குப் போடும் முன், ஒருமுறை தூசி தட்டிப் பாருங்கள், குட்டீஸ்!